நான் உண்டாக்கிய வேன் டிரைவர்

ஜனவரி 9, வியாழன்

தாம்பரத்துக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது, அதுவும் சன்னல் ஓரம். பொங்கலுக்கு ஊர் உலகமே சென்னையிலிருந்து கிளம்பி வருகிற நேரத்தில் நான் ஒருத்தி அங்கே போகிறேன். போகிற வண்டி காலியாகத்தானே இருக்கும். மகள் அங்கே நர்சு, பண்டிகைக்கு லீவு இல்லையாம். அவளால் வர முடியாவிட்டால் நான்தான் போகவேண்டும். ஜெரோமைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "கடைய யாரு பாக்குறது?" கல்யாணமான வருஷம் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போன மனுஷன், அதோடு தீர்ந்தது யாத்திரை. மூன்றாம் வகுப்பு நோட்டு நாற்பத்தொன்று திருத்தாமல் கிடக்கிறது. கிடக்கட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று பூசையில் பிரிஸ்கில்லாவுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். "நாகல் நகர் ராயப்பராஜ், லூர்தம்மாள் இவர்களின் மகள் பிரிஸ்கில்லாவுக்கும், சென்னை பெரம்பூரைச் சேர்ந்த பிராங்கிளினுக்கும்" என்று சாமியார் ஆரம்பித்ததும் லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்கவேண்டும். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்றுதான் மூன்று வாரம் வாசிப்பது. யார் என்ன சொல்லப்போகிறார்கள்? பிப்ரவரி ஐந்தாம் தேதி கல்யாணம்.

நான் அவளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டியில் அந்தச் சின்னத் தலையைத் தாங்கிப் பிடித்தது இந்தக் கைதான். பிளஸ் டூ முடித்ததும் சிஸ்டர் ஆகப்போகிறேன் என்று மடத்துக்குப் போனாள். பதினோராவது மாதம் திரும்பி வந்துவிட்டாள். அதற்கப்புறம் பெண் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள்! "மடத்துல இருந்து ஏன் திரும்பி வந்துச்சு?" அந்த ஒரு கேள்வியில் எல்லாம் நின்றுபோகும். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத காரணத்தை என்னிடம் சொன்னாள். ஆறு பேர் ஒரே வரிசையில் படுத்து வளர்ந்த பிள்ளை. அங்கே ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு திரை. "பக்கத்துல மூச்சுச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல ராணியம்மா." நாள் தவறாமல் அழுதிருக்கிறாள். பெரிய சிஸ்டரே தட்டிக்கொடுத்து, வீட்டுக்குப் போம்மா என்று அனுப்பிவிட்டார். இவ்வளவுதான் சங்கதி.

பிராங்கிளின் வீட்டார் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. நல்ல மனிதர்கள்.

ஜனவரி 13, திங்கள். தாம்பரம்

மகள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

வைகை எக்ஸ்பிரஸில் பாதிப் பெட்டி காலி. எதிரே வருகிற வண்டியெல்லாம் படிக்கட்டில் ஆள் தொங்க வருகிறது, இங்கே நான் காலை நீட்டிக்கொண்டு போகிறேன். எதிர்ச் சன்னலில் ஒரு அம்மாள், அறுபது வயதிருக்கும். அவரும் திண்டுக்கல்லில்தான் ஏறினார். கையில் செபமாலை. "நீங்களும் வேதக்காரங்களா?" என்று நான்தான் ஆரம்பித்தேன். சென்னையாம். திண்டுக்கல்லில் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகிறாராம். அய்யலூர் தாண்டி இரண்டு பக்கமும் மலை வரும், அதைப் பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். எங்கே பார்த்தேன்? பேச்சு பிடித்துக்கொண்டது. மணப்பாறையில் முறுக்கு வாங்கிப் பாதியை என்னிடம் கொடுத்தார். நான் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் கொடுத்தேன்.

திருச்சியில் ஒரு இளம் சிஸ்டர் ஏறி எங்களைத் தாண்டிப் போனது. அதிலிருந்து பேச்சு மடத்துக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றித் திரும்பிற்று. எங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டது, இப்போது பெரம்பூர் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது என்றேன். பேர் சொல்லவில்லை. பேர் சொல்லி யாரையும் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை.

காவிரி வந்தது, அடுத்தாற்போல் கொள்ளிடம். அந்தம்மாள் பாதிப் பேச்சில் சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாற்பத்தொரு பிள்ளைகளை வாயாலேயே கட்டிப்போடுகிறவள் நான், என் கதைக்கு உப்புப் பத்தவில்லையா? "அது மட்டுமா, மடத்து வேன் டிரைவர் ஒருத்தன் இருந்தானாம். தலகாணிக்கு அடியில லெட்டரு கெடந்துச்சாம்" என்று சும்மா ஒரு போடு போட்டேன். டிரைவரும் கிடையாது, லெட்டரும் கிடையாது. ஆனால் அந்தம்மாள் திரும்பிய திருப்பைப் பார்க்கவேண்டுமே! அரியலூர் வரை என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாவம்தான். ஆனாலும் முன்பின் தெரியாத ஆள், யாருக்கு என்ன நஷ்டம்? தாம்பரத்தில் நான் இறங்கும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றார். எதற்கு நன்றி? புளிச்சோற்றுக்காக இருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

குக்கரில் பொங்கல் வைத்தோம். மகள் இளைத்துவிட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஊர் வந்து சேர்ந்தேன். நேற்று முழுக்கத் துணி துவைப்பு. லூர்து வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது, கல்யாண வேலையாக அலைகிறார்கள் என்று நினைத்தேன்.

இன்று பூசையில் ஓலை வாசித்தார்கள். வேறு இரண்டு ஜோடிக்கு வாசித்தார்கள். பிரிஸ்கில்லா பெயர் வரவில்லை. சாமியார் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன், லூர்து வரவே இல்லை.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள், தலைகூட வாரவில்லை. "மாப்பிள்ளையோட அத்தை வைகையில போகும்போது எவளோ ஒருத்தி சொன்னாளாம் ராணி. எம்பிள்ளைக்கும் மடத்து வேன் டிரைவருக்கும் தொடர்பாம். தலகாணிக்கடியில லெட்டராம். அவ நாக்கு அழுகிப்போகும், பாத்துக்கிட்டே இரு."

வேன் டிரைவர்.

அவனை இந்த உலகத்தில் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. கொள்ளிடத்துப் பாலத்தில் பிறந்தவன். அவனுக்கு அப்பன் ஆத்தாள் எல்லாம் நான்தான். சொல்லியிருக்கவேண்டும், அந்த நிமிஷமே சொல்லியிருக்கவேண்டும்.

லூர்து கேட்டாள்: "நீயும் அன்னைக்கு அதுலதான போன? அந்த அறிவுச்செல்வியப் பாத்தியா?" அறிவுச்செல்வி, பிரிஸ்கில்லாவோடு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். போன மாதம் லீவு விஷயமாக இரண்டு பேருக்கும் சண்டை. பொங்கலுக்கு அவளும் சென்னைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாளாம். என்மேல் சந்தேகப்பட லூர்துக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷப் பழக்கம், எப்படித் தோன்றும்?

"பின்பெட்டியில அவ மாதிரி யாரோ ஏறுன மாதிரி இருந்துச்சு" என்றேன்.

நான்தான் சொன்னேன். இந்த வாய்தான்.

ஜனவரி 20, திங்கள்

பின்பெட்டிப் பக்கம் நான் போகவே இல்லை. யாரையும் பார்க்கவில்லை. ஏன்டி ராணி சொன்ன? முதல்ல சொன்னதாவது தெரியாம, இது தெரிஞ்சேதான சொன்ன?

ஜனவரி 21, செவ்வாய்

லூர்து அந்தப் பரிசோதனை நிலையத்துக்கே போய், இரத்தம் கொடுக்க வந்தவர்கள் முன்னால் அறிவுச்செல்வியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்திருக்கிறாள். ஜெரோம் கடையில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். "நான் ரயில்லயே போகலம்மா, பஸ்ஸுல போனேன்" என்று அந்தப் பெண் கத்தியிருக்கிறாள். எடுபடவில்லை. பாத்த ஆளு இருக்கு என்றாளாம் லூர்து. பாத்த ஆள் நான். நிலையத்துக்காரர் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

பிரிஸ்கில்லா நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. என்ன முகத்தோடு போவது? பள்ளிக்கூடத்தில் ஒரு பயல் பக்கத்துப் பயலின் ரப்பரை எடுத்துவிட்டு இல்லை என்று சாதித்தான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன், ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் சாமியாரிடம் இல்லை, அவருக்கு என் குரல் தெரியும். பள்ளி விட்டதும் பஸ் ஏறி ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போனேன். அங்கேயும் பயந்த புத்திதான். "வாயால் பாவம் செய்தேன் சாமி, பொய் பேசியிருக்கிறேன், புறணி பேசியிருக்கிறேன்" என்று மொத்தமாகக் கட்டிக் கொடுத்தேன். அவர் இளவயதுச் சாமியார். எத்தனை பேர் இதையே சொல்லிக் கேட்டிருப்பாரோ. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார்.

மூணே மூணு. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே முடிந்துவிட்டது. கடையில் சாமானை எடுத்து மறைத்துக்கொண்டு வெளியே வந்தவள் மாதிரி நின்றேன்.

ஜனவரி 23, வியாழன்

ஜெரோமிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கச் சொன்னேன், பின்பெட்டியையும் சேர்த்து. பிசைந்த சோறு அப்படியே இருக்கக் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வார்த்தை திட்டினால் நன்றாக இருந்திருக்கும். திட்டத் தெரியாத மனுஷனைக் கட்டியது இன்றைக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

"ஞானஸ்நானத்துல அந்தத் தலையப் பிடிச்சவ நீ" என்றார். கை கழுவிவிட்டு வந்து, "பத்திரிகையில மாப்பிள்ள வீட்டு விலாசம் இருக்குல்ல? சனிக்கிழமைக்கு டிக்கெட் போடுறேன். நீ மட்டும் போ."

"நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு? நானா பேசுனேன்?"

சரிதான்.

ஜனவரி 25, சனி. தாம்பரம்

அதே வண்டி. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். பேச ஆளில்லை, பேசுகிற தெம்பும் இல்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அய்யலூர் மலை உச்சியில் பஞ்சு பஞ்சாக மேகம். வையம்பட்டிப் பக்கம் முருங்கைத் தோப்பு. காவிரியில் துவைக்கிற கல்லெல்லாம் தண்ணீருக்குள் தெரிகிறது. கொள்ளிடத்தில் மணல் திட்டு, அதில் வரிசையாக வெள்ளைக் கொக்குகள். லால்குடி வந்ததும் நெல் பழுத்துச் சாய்ந்து கிடக்கிறது, அதற்கு நடுவே வாழை. அரியலூரில் மண் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. மதுராந்தகம் ஏரிக்குக் கரையே தெரியவில்லை. இம்புட்டும் அன்றைக்கும் இருந்திருக்கிறது. அந்தம்மாள் இதைத்தானே திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பேன்?

எழும்பூரில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் பெரம்பூர் போய்ச் சேர மூன்றரை மணி. கதவைத் திறந்தது அந்தம்மாளே. பாத்திமா என்று பெயராம், மாதா பெயர். ஆறு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம், பெயரைக்கூட நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும், "டீச்சர்! வாங்க வாங்க" என்று சிரித்தார். அதுதான் தாங்கவில்லை. நின்றபடியே சொன்னேன். அந்தப் பெண் என் ஞானமகள். டிரைவர் என்று ஒருத்தன் இல்லை. லெட்டர் இல்லை. நான் கட்டிவிட்டது.

அவர் சிரிப்பு போய்விட்டது. "அப்போ அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா? நான் எதைங்க நம்புறது?"

மடத்துப் பெரிய சிஸ்டரின் போன் நம்பரை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கொடுத்தேன், என்னை நம்பவேண்டாம், அவரைக் கேளுங்கள் என்றேன்.

உள்ளே இருந்து பிராங்கிளின் வந்தான். மெலிந்த பையன், கண்ணாடி. "ஏன் ஆன்ட்டி சொன்னீங்க? அவங்க மேல உங்களுக்கு என்ன கோவம்?" என்றான். கோபமா? அவள்மேல் எனக்கு உயிர். அதைச் சொன்னால் எவன் நம்புவான்? உண்மையைச் சொன்னேன். "உங்க அத்தை சன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. என் பேச்சக் கேக்கணும்னு சொன்னேன்." என் ஐம்பத்து மூன்று வயதில் இவ்வளவு கேவலமான ஒரு காரணத்தை நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

கிளம்பும்போது பாத்திமா அம்மாள் சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ நேர்ல விசாரிச்சிடலாம்னுதான் உங்க ஊருக்கு வந்தேன். ரெண்டு நாள் இருந்தேன். பூக்காரம்மா, மளிகைக்கடை, கோயில் மணி அடிக்கிறவரு, எல்லார்கிட்டயும் கேட்டேன். அந்தப் பொண்ணப் பத்தி ஒருத்தர் ஒரு சொல்லு குறையா சொல்லல. திருப்தியாதான் வண்டி ஏறினேன்."

ஊரே காப்பாற்றிக் கொடுத்து அனுப்பியதை நான் ஒருத்தி கெடுத்திருக்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

நேற்றும் எங்கள் கோயிலில் பிரிஸ்கில்லாவுக்கு ஓலை வாசிக்கவில்லையாம். நான் வந்துசேரவே பொழுது சாய்ந்துவிட்டது. பெரம்பூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

இன்று சாயங்காலம் முதலில் அறிவுச்செல்வி வீட்டுக்குப் போனேன். "செத்த நேரம் என்கூட வாம்மா, லூர்து வீட்டுக்கு" என்றேன். "அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன் டீச்சர்" என்றாள். விஷயத்தை அவளிடம் சொன்னேன். சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ராயப்பராஜ் அண்ணன், லூர்து, பிரிஸ்கில்லா, மூன்று பேரும் இருந்தார்கள். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சொல்லி முடித்ததும் அண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். லூர்து என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நீயா? நீயா ராணி?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அறிவுச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னால் அவளும் ஒரு சின்னப் பெண் முன்னால் தலைகுனிய வேண்டியதாயிற்று.

பிரிஸ்கில்லா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பின்பெட்டியில பாத்தேன்னு சொன்னது?"

"அதுவும் பொய்தான்மா."

"தூக்கம் வராம அழுதத அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. அதச் சொல்லல."

"அதச் சொல்லியிருக்கலாம்ல. அது உண்மதான?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஆமாம். அதைச் சொல்லியிருந்தால் அந்தம்மாளே கண்கலங்கியிருப்பார். அது எனக்கு ருசியாக இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

பாத்திமா அம்மாள் பெரிய சிஸ்டரிடம் பேசிவிட்டாராம். பிராங்கிளினே பிரிஸ்கில்லாவுக்குப் போன் செய்தானாம். தேதி மட்டும் ஒரு வாரம் தள்ளி, பன்னிரண்டாம் தேதி கல்யாணம். ராயப்பராஜ் அண்ணன் கடைக்கு வந்து ஜெரோமிடம் சொல்லியிருக்கிறார். ஜெரோமுக்கு என்று தனியாக ஒரு பத்திரிகை.

ஆண்டவரே, உமக்கு நன்றி. வேறு என்ன எழுத?

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள்..." என்று சாமியார் வாசித்ததும் பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. முன் பெஞ்சு, பின் பெஞ்சு, பாட்டுக் குழு, எல்லோரும். சாமியாரும் ஒரு விநாடி நிறுத்திப் பார்த்த மாதிரி இருந்தது. தெருவுக்கே தெரிந்துவிட்டது. தெரியாமலா இருக்கும்? நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்தேனா, நேராகப் பிடித்திருந்தேனா என்றுகூடத் தெரியாது.

பிப்ரவரி 12, புதன்

பிரிஸ்கில்லாவுக்குக் கல்யாணம். ஜெரோம் மட்டும் போனார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன், அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். கோயில் மணி இங்கே வரை கேட்டது. முழங்காலில் இருந்து செபமாலை எடுத்து ஒரு ஐம்பத்து மூன்று மணி சொன்னேன். பாதியில் அழுகை வந்து எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது, முதலிலிருந்து சொன்னேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று காலை வைகையில் சென்னைக்குப் போனார்களாம். தெருவே ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம்.

ஜூன் 14, சனி

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. ஊரில் வேறு இடமா இல்லை? இருக்கிறது. இரண்டு தடவை வேறு இடத்துக்குத்தான் போனேன். இன்று அங்கே பூட்டியிருந்தது, வெறும் வயிற்றோடு தலை சுற்றியது, அறிவுச்செல்வி இருக்கிற நிலையத்துக்கே போய்விட்டேன்.

அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "உக்காருங்க டீச்சர். கைய மடக்குங்க" என்று ரப்பரைக் கட்டினாள். ஊசி ஏறியதே தெரியவில்லை, நல்ல கை. ஏதாவது பேசவேண்டுமே என்று நினைத்தாளோ என்னவோ, "பிரிஸ்கில்லாவுக்கு இது நாலாவது மாசம் டீச்சர். வாந்தி கொஞ்சம் நின்னுருக்காம். நேத்துத்தான் பேசுனா" என்றாள்.

நான்காவது மாதம். தெருவில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? பூக்காரிக்குத் தெரியும். கோயில் மணி அடிக்கிறவருக்குத் தெரியும். ஜெரோமுக்கே தெரிந்திருக்கும், என்னிடம் சொல்ல மனம் வந்திருக்காது.

"தெரியுமே" என்றேன். "லூர்து எப்பவோ சொல்லிட்டாளே."

அறிவுச்செல்வி பஞ்சை எடுத்தவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லும் பொய் எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் பஞ்சை என் கையில் அழுத்தி வைத்துவிட்டு, "ஆமா டீச்சர். உங்ககிட்டத்தான மொதல்ல சொல்லியிருப்பாக" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருக்கலாம்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை இரத்தம் கொடுக்க வரச் சொன்னாள். சரி என்றேன். நான் போகவில்லை.